நல்ல ஆட்டக்காரர் நல்ல கோச் ஆவாரா? காலித் ஜமீலின் 16 வருடப் பாதை சொல்வது என்ன?

13 வருடங்களுக்குப் பிறகு இந்திய ஆண்கள் கால்பந்து அணிக்கு ஓர் இந்தியர் தலைமைப் பயிற்சியாளராக வந்திருக்கிறார். பூட்ஸைக் கழற்றி வைத்த நாளுக்கும் இந்த நாற்காலிக்கும் இடையில் அவர் என்ன செய்தார்? அதே வழி அடுத்து வருபவர்களுக்கும் திறந்திருக்கிறதா?

ஒரகடத்தில் ஒரு கார் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். அசெம்ப்ளி லைனில் பத்து வருட அனுபவம் உள்ள ஒருவர். எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அவர் கைக்கே தெரியும். சத்தத்தை வைத்தே மெஷினில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவார். ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துல இருந்து நீங்கதான் டீம் லீடர்" என்கிறார்.

வீட்டில் சந்தோஷம். நண்பர்கள் "ட்ரீட் எப்போ?" என்று கேட்கிறார்கள். முதல் வாரத்திலேயே தலைவலி தொடங்குகிறது. ஏ ஷிப்ட்டில் இரண்டு பேர் லீவு. புதிதாக வந்த டிப்ளமோ பையனுக்கு வேலையை எப்படிச் சொல்லித் தருவது என்று தெரியவில்லை. கடைசியில், "தள்ளுப்பா, நானே பண்றேன்" என்று ஸ்பேனரை வாங்கிக்கொள்கிறார். அந்த ஒரு வேலை முடிந்துவிடுகிறது. மற்ற ஒன்பது பேர் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆள் இல்லை.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பக்கம் வேலை பார்க்கும் பலருக்கும் இது தெரிந்த கதைதான். ஐடி கம்பெனியிலும் இதே கதை நடக்கிறது. கால்பந்திலும் நடக்கிறது. ஒரே வித்தியாசம், அங்கே புது டீம் லீடர் நினைத்தாலும் ஸ்பேனரைப் பிடுங்க முடியாது. கோடு போட்ட இடத்துக்குள் நின்று 90 நிமிடம் பார்க்க வேண்டியதுதான்.

2025 ஆகஸ்ட் 1-ம் தேதி அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம், காலித் ஜமீலை இந்திய ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தது. 170 விண்ணப்பங்கள் வந்திருந்தன. கடைசிப் பட்டியலில் அவருடன் இருந்த இருவரும் வெளிநாட்டினர்: ஏற்கெனவே இந்திய அணிக்குப் பயிற்சி அளித்த ஸ்டீபன் கான்ஸ்டன்டைன், ஸ்லோவாக்கியாவின் ஸ்டெபான் தார்கோவிச். அவர்களைத் தாண்டி ஜமீல் தேர்வானார். இந்தியர் ஒருவர் இந்தப் பொறுப்பில் கடைசியாக இருந்தது 2011–12-ல், சாவியோ மெடெய்ரா.

யார் இந்த காலித் ஜமீல்?

1977-ல் குவைத்தில் ஓர் இந்தியக் குடும்பத்தில் பிறந்தவர். வளைகுடாப் போருக்குப் பின் மும்பைக்கு வந்தார். ஆடியது மிட்ஃபீல்டில். 1997-ல் ஜீப், டிராக்டர் தயாரிக்கும் நிறுவனத்தின் அணியான மஹிந்திரா யுனைடெட்டில் சேர்ந்தார். பிறகு ஏர் இந்தியா, மறுபடி மஹிந்திரா. இந்திய அணியின் சட்டையையும் அணிந்திருக்கிறார்.

கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டும் அப்போதே அவரை அழைத்தன. மதுபான பிராண்டுகள் ஸ்பான்சராக இருந்ததால் இரண்டையும் மறுத்துவிட்டார். இந்திய கால்பந்தில் அன்றைக்குப் புகழுக்கும் பணத்துக்கும் கொல்கத்தாதான் வாசல். பல வருடம் கழித்து இதே இரண்டு கிளப்புகளுக்கும் அவர் பயிற்சியாளராகப் போனார்.

ஆட்டக்காரராக அவர் பெரிய ஸ்டார் ஆகவில்லை. காயங்கள் விடாமல் துரத்தின. கடைசியாக ஆடியது, 2007-ல் தொடங்கப்பட்ட மும்பை எஃப்சி என்ற புது கிளப்புக்கு. 2009-ல் ஆட்டத்தை நிறுத்தினார். அப்போது வயது 32. அதே கிளப் அவரிடம் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பைக் கொடுத்தது.

அதாவது நேற்று வரை கூட ஆடியவர்களில் யார் களத்தில், யார் பெஞ்சில் என்பதை இன்று முதல் அவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஆட்டக்காரரின் வேலையும் கோச்சின் வேலையும்

வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மைதானம், ஒரே பந்து. உள்ளே போனால் இரண்டும் வேறு வேறு தொழில்.

ஆட்டக்காரர் பார்த்துக்கொள்ள வேண்டியது ஒரே உடம்பை. தூக்கம், சாப்பாடு, தசைப்பிடிப்பு, அடுத்த மேட்ச். கோச்சுக்கு 25 உடம்புகள். ஒருவருக்கு முழங்கால் வலி, ஒருவருக்கு மூன்று நாள் முன்புதான் மேட்ச் முடிந்தது, ஒருவர் இரண்டு மாதமாக பெஞ்சிலேயே உட்கார்ந்து வெறுத்துப்போயிருக்கிறார். இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஒரு வாரத்துக்கான பயிற்சித் திட்டம் போட வேண்டும். எந்த நாள் கடுமையாக ஓட வைப்பது, எந்த நாள் விடுவது என்ற கணக்கு தப்பினால், சனிக்கிழமை மேட்ச்சில் 70-வது நிமிடத்தில் கால்கள் நின்றுவிடும்.

அடுத்தது தேர்வு. 11 பேர்தான் ஆட முடியும். மற்றவர்களிடம் "இன்னைக்கு நீ இல்ல" என்று சொல்ல வேண்டும்; சொன்ன பிறகும் அவர்கள் அடுத்த நாள் பயிற்சிக்கு மனசோடு வர வேண்டும். ஆடும்போது ஐந்து மாற்று வீரர்களை இறக்கலாம், ஆனால் அதற்காக ஆட்டத்தை மூன்று முறைதான் நிறுத்தலாம். இடைவேளை 15 நிமிடம். அதில் வீரர்கள் தண்ணீர் குடித்து, காயத்துக்கு ஐஸ் வைத்து, மூச்சு வாங்கியது போக மிச்சம் இருக்கும் சில நிமிடங்களில் இரண்டு விஷயத்தைச் சொல்லலாம். பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் மண்டையில் ஏறாது.

எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது, தனக்குத் தானாக வந்ததை அடுத்தவருக்குப் புரிய வைப்பது. திறமையான ஆட்டக்காரர் பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிடுவார். ஏன் பார்த்தார் என்று கேட்டால், "அது அப்படியே வந்துரும்" என்பார். அப்படிச் சொல்லி 19 வயதுப் பையனுக்குக் கற்றுத்தர முடியாது. எப்போது பார்க்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும், பார்த்த பிறகு எந்தக் காலில் பந்தை வாங்க வேண்டும் என்று துண்டு துண்டாகப் பிரித்து, அதற்கேற்ற ஒரு பயிற்சியை உருவாக்க வேண்டும். லைனில் கைப்பழக்கமாகச் செய்யும் வேலையை, புதிதாக வருபவருக்குப் புரியும்படி படிப்படியாக எழுதி ஒட்டுவது போல.

பெரிய ஸ்டார்கள் சிலர் கோச்சிங்கில் தடுமாறுவதற்கு இது ஒரு காரணம். பாதி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்த சுமாரான ஆட்டக்காரர்கள் சிலர் நல்ல கோச் ஆவதற்கும் இதுவே ஒரு காரணம்.

லைசென்ஸ் என்றால் என்ன?

கோச் ஆக லைசென்ஸ் வேண்டும். இந்தியாவில் ஆரம்பப் படிகளை அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் நடத்துகிறது. 'டி' லைசென்ஸ் சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கத் தொடங்குபவர்களுக்கு. அதற்கு மேல் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பின் 'சி', 'பி', 'ஏ', உச்சியில் 'ப்ரோ'. ஒரு படியை முடித்து, கற்றதைக் களத்தில் பயன்படுத்திக் காட்டிய பிறகுதான் அடுத்த படி. 'ஏ', 'ப்ரோ' படிப்புகள் பல மாதங்களுக்குப் பிரித்துப் பிரித்து நடக்கும். நடுவில் தன் அணியோடு வேலை செய்து, குறிப்புகள் எழுதி, மதிப்பீட்டாளர் முன் பயிற்சி நடத்திக் காட்ட வேண்டும். நாட்டின் முதல்நிலை லீக்கான ஐஎஸ்எல்-லில் தலைமைப் பயிற்சியாளராக உட்கார 'ப்ரோ' அல்லது அதற்கு நிகரான லைசென்ஸ் தேவை.

எவ்வளவு பெரிய பெயர் என்றாலும் இதில் விலக்கு கிடைப்பது கஷ்டம். 2014-ல் ஜினெடின் ஜிடேன் ரியல் மாட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டில்லாவுக்குப் பொறுப்பேற்றபோது, அந்தப் பதவிக்கான லைசென்ஸ் அவரிடம் இல்லை என்று புகார் எழுந்தது. உலகக் கோப்பை வென்றவருக்கு ஸ்பெயின் கால்பந்து அமைப்பின் குழு மூன்று மாதத் தடை விதித்தது. பிறகு அந்தத் தடை விலக்கப்பட்டது.

லைசென்ஸ் கற்றுத்தருவதற்கும் ஓர் எல்லை உண்டு. தொடர்ந்து நான்கு மேட்ச் தோற்ற பிறகு திங்கட்கிழமை காலை டிரெஸ்ஸிங் ரூமுக்குள் எந்த முகத்தோடு போவது என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது. அதற்கு ஓர் அணி கையில் இருக்க வேண்டும். தோற்ற பிறகும் அந்த அணி கையில் இருக்க வேண்டும்.

பிர்லோவுக்குக் கிடைக்காதது, ஜமீலுக்குக் கிடைத்தது

இத்தாலியின் ஆந்த்ரேயா பிர்லோ அவருடைய தலைமுறையின் மிகச்சிறந்த மிட்ஃபீல்டர்களில் ஒருவர். 2020 ஜூலை 30-ல் யுவென்டஸின் 23 வயதுக்குட்பட்டோர் அணிக்கு கோச்சாக நியமிக்கப்பட்டார். அந்த அணியோடு ஒரு மேட்ச்கூட ஆடுவதற்குள், ஆகஸ்ட் 8-ல் முதல் அணியே அவர் கைக்கு வந்தது. இரண்டு கோப்பைகள் வென்றார். ஆனால் ஒன்பது வருடமாகத் தொடர்ந்து லீக் பட்டம் வென்ற அணி அந்த சீசனில் நான்காவது இடத்துக்குப் போனது. 2021 மே மாதம் நீக்கப்பட்டார்.

ஜிடேனின் பாதை வேறு. முதலில் ஒரு வருடம் கார்லோ ஆன்செலோட்டிக்கு உதவியாளர். பிறகு காஸ்டில்லாவில் ஒன்றரை வருடம். 2016 ஜனவரியில்தான் ரியல் மாட்ரிட்டின் முதல் அணி. அடுத்து வந்த மூன்று சாம்பியன்ஸ் லீக் கோப்பைகளும் அவருக்கே.

ஜமீலும் பிர்லோவைப் போல நேரடியாகக் குதித்தவர்தான். வித்தியாசம், குதித்த இடத்தில். மும்பை எஃப்சி சின்ன கிளப். அங்கே பட்டம் எதிர்பார்க்கப்படவில்லை. ஐ-லீக்கிலிருந்து கீழே இறங்காமல் இருந்தாலே போதும். குறைந்த பணம், பெரிய பெயர் இல்லாத வீரர்கள், எதிரே கொல்கத்தா, கோவா கிளப்புகள். பின்னால் நின்று இறுக்கமாகத் தடுத்து, கிடைத்த ஒன்றிரண்டு வாய்ப்பில் கோல் அடித்து, ஒரு புள்ளியாவது எடுத்து வருவது என்ற பாணி அங்கேதான் அவருக்கு உருவானது. பார்க்க அழகாக இல்லை என்று பலர் குறை சொன்னார்கள்.

அந்த கிளப் அவருக்கு ஏழு சீசன் கொடுத்தது. அந்த ஏழு சீசனில் அணி ஒரு பட்டமும் வெல்லவில்லை. ஒருமுறைகூடக் கீழே இறங்கவும் இல்லை. 2016-ல் அவர் வெளியேறினார். அடுத்த சீசனிலேயே மும்பை எஃப்சி கடைசி இடத்துக்குப் போய் வெளியேற்றப்பட்டது. கிளப்பும் மூடப்பட்டது.

ஐஸ்வால்: 37 புள்ளிகள்

அதே 2016–17 சீசன். மிசோரம் தலைநகரின் ஐஸ்வால் எஃப்சி, முந்தைய சீசனில் ஐ-லீக்கிலிருந்து தகுதியிறக்கம் பெற்ற அணி. கோவா கிளப்புகள் லீக்கை விட்டு விலகியதால் காலியான இடத்தில் அதற்கு மறுபடி வாய்ப்புக் கிடைத்தது. லீக்கிலேயே மிகக் குறைந்த பட்ஜெட் உள்ள அணிகளில் ஒன்று. அந்த அணி கூப்பிட்டது, வேலையில்லாமல் இருந்த ஜமீலை.

மும்பையில் தன்னிடம் ஆடிய ஆஷுதோஷ் மேத்தா, ஜெயேஷ் ரானே ஆகியோர் ஐஸ்வாலிலும் அவருக்குக் கிடைத்தார்கள். நடுக்களத்தில் சிரியாவின் மஹ்மூத் அல் அம்னா, லைபீரியாவின் ஆல்ஃபிரெட் ஜார்யன். மற்றபடி ஓட்டத்துக்குக் குறைவில்லாத மிசோ இளைஞர்கள். யாரால் என்ன முடியும் என்று பார்த்து, அதை மட்டும் அவர்களிடம் கேட்கும் வேலையை ஜமீல் மும்பையில் ஏழு வருடம் செய்திருந்தார்.

2017 ஏப்ரல் 22. பட்டத்துக்கான நேரடிப் போட்டி போல ஆன ஆட்டத்தில், ஐஸ்வால் சொந்த மண்ணில் மோகன் பகானைச் சந்தித்தது. 83-வது நிமிடத்தில் டிஃபெண்டர் ஸோமிங்லியானா ரால்ட்டே தலையால் முட்டிய பந்து வலைக்குள் போனது. 1–0.

ஏப்ரல் 30, கடைசி நாள். ஷில்லாங்கில் லாஜோங் அணிக்கு எதிராக டிரா செய்தாலே போதும். அதே நாளில் கொல்கத்தாவில் மோகன் பகான், நம்ம சென்னை சிட்டி எஃப்சியோடு மோதிக்கொண்டிருந்தது. ஷில்லாங்கில் 9-வது நிமிடத்திலேயே லாஜோங்கின் டிபாண்டா டிக்கா கோல் அடித்துவிட்டார். பட்டம் கைநழுவும் நிலை. 67-வது நிமிடத்தில் வில்லியம் லால்னுன்ஃபெலா சமன் செய்தார். ஆட்டம் 1–1 என முடிந்தது. ஐஸ்வால் 37 புள்ளிகள், மோகன் பகான் 36. வடகிழக்கிலிருந்து ஓர் அணி தேசிய லீக்கை வென்றது அதுதான் முதல் முறை.

பலர் அதை அதிசயம் என்றார்கள். மும்பையில் பட்டமில்லாமல் போன ஏழு சீசனையும் சேர்த்துப் பார்த்தால், அது எட்டாவது வருடத்தில் வந்த விளைச்சல்.

ஏறியவர் இறங்கியும் இருக்கிறார்

பட்டம் வென்ற கையோடு ஈஸ்ட் பெங்கால் அழைத்தது. 2017–18-ல் அந்த அணி நான்காவதாக முடித்தது, வேலை போனது. 2019-ல் மோகன் பகானில் சில மாதம். பிறகு ஐஎஸ்எல் அணியான நார்த்ஈஸ்ட் யுனைடெட்டுக்குப் போனார், உதவிப் பயிற்சியாளராக. லீக் சாம்பியன் கோச், அடுத்தவர் பக்கத்தில் நின்று கோன் அடுக்கும் இடத்துக்கு இறங்கி வந்தார்.

2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் ஜெரார்ட் நூஸ் நீக்கப்பட, ஜமீல் இடைக்காலப் பொறுப்பேற்றார். அணி தோல்வியே இல்லாமல் பிளேஆஃப் வரை போனது. ஐஎஸ்எல்-லில் ஓர் இந்தியர் அணியைப் பிளேஆஃப்புக்குக் கொண்டுபோனது அதுவே முதல் முறை. அதன் பிறகுதான் நிரந்தர நியமனம் கிடைத்தது. ஐஎஸ்எல்-லில் முழுநேரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் அவர்தான். அடுத்த சீசன் மோசம், பத்தாவது இடம். அங்கிருந்து வெளியேறி, மூன்றாம் நிலை லீக்கில் எஃப்சி பெங்களூரு யுனைடெட்டுக்குப் போனார்.

2023 டிசம்பர் கடைசியில் ஜம்ஷெட்பூர் எஃப்சி அழைத்தது. 2024–25-ல் அந்த அணி ஐஎஸ்எல் அரையிறுதிக்கும், 2025 சூப்பர் கோப்பையின் இறுதிப் போட்டிக்கும் போனது. அடுத்து இந்திய அணி.

ஒரு லிங்க்ட்இன் புரொஃபைலில் இதை வரிசையாக எழுதினால் பாதி பேர் "நிலையா ஒரு இடத்துல இருக்கலையே" என்று கடந்துபோவார்கள். இறங்கி வேலை செய்ய அவர் தயங்கவில்லை. கூப்பிட ஏதாவது ஓர் அணியும் இருந்துகொண்டே இருந்தது.

'இன்டெரிம்' என்ற நாற்காலி

இந்திய கோச்சுகளுக்கு ஐஎஸ்எல்-லில் வெகுகாலம் கிடைத்த நாற்காலிக்கு ஒரே பெயர்தான்: இடைக்காலம். வெளிநாட்டு கோச் நீக்கப்பட்டால், புதியவர் வரும் வரை பார்த்துக்கொள்ள ஒரு ஆள்.

சென்னையிலேயே உதாரணம் உண்டு. சையத் சபீர் பாஷா இந்திய அணியின் முன்னாள் ஃபார்வர்ட். இந்தியன் வங்கி அணிக்கு ஆடியவர். பிறகு அதே அணிக்குப் பயிற்சி அளித்தவர். சென்னையின் எஃப்சியில் பல சீசன் உதவிப் பயிற்சியாளர். 2022 பிப்ரவரியில் கோவாவிடம் 0–5 என்று தோற்ற பிறகு போசிடார் பான்டோவிச் நீக்கப்பட, மிச்சமிருந்த சில மேட்ச்களுக்கு பாஷா பொறுப்பேற்றார். சீசன் முடிந்ததும் அந்த இடத்துக்கு மறுபடியும் வெளிநாட்டுக்காரர் ஒருவர் வந்தார்.

சில மேட்ச்களில் ஒரு கோச் எதையும் நிரூபிக்க முடியாது. வீரர்களை அவர் தேர்வு செய்யவில்லை. சீசனுக்கு முந்தைய பயிற்சியை அவர் நடத்தவில்லை. ஜெயித்தால் "அதிர்ஷ்டம்", தோற்றால் "அதான் இந்திய கோச்" என்று பேச்சு வரும்.

இது மெதுவாக மாறுகிறது. முன்னாள் இந்திய வீரர் கிளிஃபோர்ட் மிராண்டா 2023-ல் ஒடிசா எஃப்சிக்கு இடைக்காலமாகப் பொறுப்பேற்று சூப்பர் கோப்பையை வென்று கொடுத்தார். 2025-ல் சென்னையின் எஃப்சி அவரையே முழுநேரத் தலைமைப் பயிற்சியாளராக நியமித்தது.

தமிழ்நாடு இதை 1973-லேயே பார்த்துவிட்டது

1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பெருவுக்கு எதிராக இந்தியா 1–3 எனத் தோற்றது. அந்த ஒரு கோலை அடித்தவர் தமிழ்நாட்டின் சைமன் சுந்தரராஜ். அதன் பிறகு இந்திய கால்பந்து அணி ஒலிம்பிக்ஸ் பக்கமே போகவில்லை என்பதால், இன்று வரை ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கடைசி கோல் அதுதான்.

கேரளாவில் கால்பந்து ரசிகர்களிடம் அவர் பெயரைச் சொன்னால் வேறொரு விஷயம் நினைவுக்கு வரும். 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3–2 என வென்று கேரளா முதல் முறையாக சந்தோஷ் கோப்பையைக் கைப்பற்றியது. கேப்டன் மணி மூன்று கோலும் அடித்தார். அந்த அணிக்குப் பயிற்சியாளர் சைமன் சுந்தரராஜ்.

அவரை ரோமுக்கு அழைத்துப்போன இந்திய அணியின் கோச் ஹைதராபாத்தின் எஸ்.ஏ.ரஹீம். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1951, 1962 ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் இந்தியா தங்கம் வென்றது அவர் பயிற்சியில்தான். பாடம் நடத்தத் தெரிந்த ஒருவரிடம் இந்திய கால்பந்தின் பொற்காலம் இருந்தது என்பது தற்செயல் என்று சொல்லிவிட முடியாது.

கம்பெனி டீம்கள் எங்கே போயின?

ஜமீல் ஆடிய அணிகளின் பட்டியலை மறுபடி பாருங்கள். மஹிந்திரா யுனைடெட் 2010-ல் கலைக்கப்பட்டது. ஏர் இந்தியா 2013-ல் ஐ-லீக்கிலிருந்து வெளியேறியது. மும்பை எஃப்சி 2017-ல் மூடப்பட்டது. இந்திய அணியின் கோச்சை உருவாக்கிய மூன்று இடங்களும் இன்று தேசிய அளவிலான கால்பந்தில் இல்லை. பஞ்சாபின் ஜேசிடி மில் அணியும் 2011-ல் போய்விட்டது. தேசிய லீக் ஆடிய நம்ம இந்தியன் வங்கி அணியும் அந்த அளவிலிருந்து எப்போதோ இறங்கிவிட்டது.

மஹிந்திரா யுனைடெட் மூடப்பட்ட அதே 2010-ல்தான் ஒரகடத்தில் ரெனோ–நிஸ்ஸான் ஆலை திறக்கப்பட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தி தொடங்கி அப்போதே 12 வருடம் ஆகியிருந்தது. பழைய காலத்தில் பெரம்பூர் ஐசிஎஃப், தெற்கு ரயில்வே, துறைமுகம், வங்கிகள் எல்லாம் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து அணி நடத்தின. பெரிய தொழிற்சாலைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வரத் தொடங்கிய காலத்தில், கம்பெனிகள் கால்பந்தைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது. அணி நடத்துவதற்குப் பதிலாக ஸ்பான்சர் செய்கிறார்கள். ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் அப்பல்லோ டயர்ஸின் பெயர் சில வருடம் சென்னையின் எஃப்சி சட்டையில் இருந்தது.

கம்பெனிகளைக் குறை சொல்வதற்கு இது இல்லை. ஆட்டத்தின் தரம், மைதானம், மருத்துவ வசதி, ஒளிபரப்பு எல்லாம் ஐஎஸ்எல் வந்த பிறகு மேலே போயிருக்கின்றன. முன்னணி வீரர்களின் சம்பளமும் அப்படித்தான். ஆனால் ஒரு விஷயம் காணாமல் போய்விட்டது: நிரந்தர வேலை.

வங்கி அணியில் ஆடியவருக்கு 33 வயதில் கால் ஓய்ந்தாலும் அடுத்த நாள் போக ஒரு கவுன்ட்டர் இருந்தது. பி.எஃப் இருந்தது. சம்பளம் வந்துகொண்டே இருக்க, சாயங்காலம் ஜூனியர் பசங்களுக்குப் பயிற்சி கொடுத்து, லைசென்ஸ் படித்து, நிதானமாக கோச் ஆகலாம். இன்றைய கிளப் வீரர் ஒப்பந்தத்தில் இருப்பவர். ஒப்பந்தம் முடிந்தால் அவ்வளவுதான். லைசென்ஸுக்குப் பணமும் நேரமும் வேண்டும். அந்த மாதங்களில் வீட்டுச் செலவையும் பார்க்க வேண்டும். கான்ட்ராக்ட்டில் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு படிக்க நினைக்கும் எந்த ஒரு ஒரகடம் இளைஞருக்கும் இந்தக் கணக்கு புதிதல்ல.

மேலே இருக்கும் லீக்கும் உறுதியாக இல்லை. நடத்தும் உரிமை குறித்த ஒப்பந்தச் சிக்கலால் 2025–26 ஐஎஸ்எல் சீசன் வழக்கமான செப்டம்பரில் தொடங்கவே இல்லை. வீரர்களுக்கே சம்பளம் கேள்விக்குறியாகும்போது, கோச்சாகப் பழகிக்கொண்டிருப்பவரின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்திய அணியில் என்ன ஆனது?

தொடக்கம் நன்றாகவே இருந்தது. 2025 ஆகஸ்ட் 29-ல் தஜிகிஸ்தானை அதன் சொந்த மண்ணிலேயே 2–1 என வென்றது இந்தியா. ஈரானிடம் 0–3 என்று தோற்றாலும், அந்த காஃபா நேஷன்ஸ் கோப்பையில் ஓமனை பெனால்டி ஷூட்அவுட்டில் வீழ்த்தி மூன்றாவது இடம் பிடித்தது.

அடுத்த மாதம் கதை மாறியது. ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூருடன் அங்கே 1–1 டிரா. கோவாவில் அதே சிங்கப்பூரிடம் 1–2 தோல்வி. 2027 ஆசியக் கோப்பைக் கதவு மூடியது. நவம்பர் 18-ல் டாக்காவில் வங்கதேசத்திடம் 0–1. அந்த அணியிடம் இந்தியா தோற்றது 22 வருடத்தில் அதுதான் முதல் முறை.

சமூக ஊடகத்தில் உடனே எழுந்த கேள்வி: "வெளிநாட்டு கோச்சையே வெச்சிருக்கலாமே?" ஜமீலுக்கு முன் இருந்த ஸ்பெயினின் மனோலோ மார்க்கெஸ் ஐஎஸ்எல் வென்ற கோச். அவர் காலத்திலும் இந்தியா திணறியது. தகுதிச் சுற்றில் ஏற்கெனவே வங்கதேசத்தோடு டிரா, ஹாங்காங்கிடம் தோல்வி என்ற நிலையில்தான் அணி ஜமீல் கைக்கு வந்தது. கோல் அடிக்கும் ஸ்ட்ரைக்கர்களை உருவாக்காத ஒரு நாட்டில், கோச்சின் பாஸ்போர்ட்டை மாற்றினால் மட்டும் கோல் வந்துவிடாது. அதற்காக ஜமீலின் முடிவுகளை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்றும் இல்லை. தற்காப்பை நம்பும் பாணி, ஜெயித்தே ஆக வேண்டிய ஆட்டத்தில் போதுமா என்ற கேள்வி நியாயமானது.

இவர் வெல்வாரா என்பதை அடுத்து வரும் ஆட்டங்கள் சொல்லும். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று மிச்சம் இருக்கிறது. மும்பை எஃப்சி போல, பட்டம் கேட்காமல் ஏழு சீசன் காத்திருந்த ஒரு சின்ன கிளப் இன்று எங்கே இருக்கிறது? 2009-ல் ஜமீலுக்குக் கிடைத்த இடம் 2026-ல் ஆட்டத்தை நிறுத்தப்போகும் 32 வயது மிட்ஃபீல்டருக்குக் கிடைக்குமா? கிடைக்காவிட்டால், 2040-ல் மறுபடியும் 170 விண்ணப்பங்களுக்கு நடுவே ஓர் இந்தியப் பெயரைத் தேடிக்கொண்டிருப்போம்.

ஒரகடம் டீம் லீடர் கதைக்கு வருவோம். நல்ல கம்பெனி என்றால் அவரை முதல் நாளே பத்து பேர் முன் நிறுத்தி விட்டுவிடாது. ஒரு சின்ன லைனைக் கொடுக்கும். பயிற்சிக்கு அனுப்பும். முதல் மூன்று மாதம் டார்கெட் குறைந்தாலும் கத்தாது. பக்கத்தில் ஒரு பழைய சூப்பர்வைசரை நிறுத்தும். அவரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, அந்த டிப்ளமோ பையனின் கையைப் பார்க்கப் பழகுவார். பையன் முதல் தடவை தப்பாகத்தான் இறுக்குவான். "பரவால்ல, கழட்டிட்டு மறுபடி போடு" என்று சொல்ல வந்துவிட்டால், அவர் பாதி கோச் ஆகிவிட்டார்.